2900-ஆ, 2100-ஆ? எர்டிகா மேனுவலும் ஆட்டோமேட்டிக்கும்

ஆறு வருடம் மேனுவல் எர்டிகா ஓட்டினேன். அதை மச்சானிடம் கொடுத்துவிட்டு, அதே எர்டிகாவில் 6 கியர் ஆட்டோமேட்டிக் எடுத்து ஒரு வருடம் ஆகிறது. "அதே வண்டிக்கு எதுக்கு அத்தான் இவ்வளவு செலவு?" என்று அவன் கேட்டபோது சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இந்த ஆடி மாதத்தில் சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு இரண்டு வண்டியும் முன்னும் பின்னுமாகப் போய் வந்தோம். இப்போது சொல்ல வருகிறது.

ஊருக்குள் எது வசதி என்பதில் பேச ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் குரோம்பேட்டையிலிருந்து பெருங்களத்தூர் வரை கிளட்ச் மிதித்துப் பார்த்தவர்களுக்கு விளக்கவும் வேண்டாம். விலையில் ஆட்டோமேட்டிக்குக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதல். சி.என்.ஜி. வேண்டும் என்பவர்களுக்கு மேனுவல் மட்டும்தான், அவர்கள் இதைப் படிக்கவே தேவையில்லை. நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயம். நான்கு வழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சீராக ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது?

மேனுவலில் 5-வதுதான் கடைசி கியர். 100-ல் சுற்றைக் காட்டும் முள் 3000-க்குச் சற்றுக் கீழே, 2900 வாக்கில் நிற்கும். ஆட்டோமேட்டிக்கில் 6-வது விழுந்துவிட்டால் 2100 வாக்கில் நிற்கிறது. எஞ்சின் இரண்டிலும் 1462 சி.சி.தான், பழையது கே15பி, புதியது கே15சி, ஓட்டுகிறவனுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. 2022 ஏப்ரல் வரை எர்டிகா ஆட்டோமேட்டிக்கில் 4 கியர்தான் இருந்தது. அந்தக் காலத்தில் கேட்டிருந்தால் யோசிக்காமல் மேனுவல் என்றுதான் சொல்லியிருப்பேன்.

800 சுற்றில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். திண்டிவனம் தாண்டும்போது ஒன்றும் தெரியாது. துவரங்குறிச்சி தாண்டும்போது தெரியும். 2900-ல் எஞ்சின் கத்துவதில்லை, ஆனால் ஒரு ரீங்காரம் விடாமல் காதில் இருந்துகொண்டே இருக்கிறது. பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைப்போம், பேசுகிறவர்கள் அதற்கு மேல் குரலை உயர்த்துவார்கள். மூன்றாவது வரிசையில் உட்காரும் அம்மா, தண்ணீர் பாட்டில் கேட்க முன்னெல்லாம் என் பெண்ணின் தோளைத் தட்டி அவள் மூலமாகத்தான் சொல்லி அனுப்புவார். இந்த முறை நேராக என்னிடமே கேட்டார். டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் அப்படியேதான் இருக்கின்றன, போனது அந்த ரீங்காரம் மட்டும்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சென்னையிலிருந்து நாகர்கோவில் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். முழுக்க 100-ல் போவதாக வைத்துக்கொண்டால் (போக முடியாது, டோல்கேட்டிலும் டீக்கடையிலும் நிற்கத்தான் வேண்டும்) 7 மணி நேரம், அதாவது 420 நிமிடம். நிமிடத்துக்கு 800 சுற்று குறைந்தால் ஒருவழிப் பயணத்தில் மட்டும் மூன்று லட்சம் சுற்றுக்கும் மேல் மிச்சம். எஞ்சினுக்கு அதனால் ஆயுள் கூடும் என்று சொல்ல மாட்டேன். 2900 என்பது இந்த எஞ்சினுக்குச் சாதாரண வேலை, உச்ச சக்தி வருவதே 6000-ல்தான். இறங்கும்போது தலை கனக்காமல் இருப்பதுதான் எனக்குக் கிடைத்த லாபம்.

சுற்று குறைந்தால் மைலேஜும் அள்ளிக்கொண்டு வரும் என்று எதிர்பார்த்தேன். கம்பெனி சொல்லும் கணக்கில் லிட்டருக்கு இப்போதைய மேனுவல் 20.51 கிலோமீட்டர், ஆட்டோமேட்டிக் 20.30. ஆனால் அந்தச் சோதனையில் வேகம் 90-ஐத் தாண்டாது, பெரும்பகுதி ஊருக்குள் ஓட்டுவது போலத்தான். நாங்கள் மதுரையில் ஒரே பெட்ரோல் பங்கில் இரண்டு டேங்கையும் நிரப்பி, திரும்பும்போது அதே பங்கில் மறுபடி நிரப்பிப் பார்த்தோம். ஆட்டோமேட்டிக் முன்னால்தான் வந்தது, ஆனால் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஒரு தடவை பார்த்ததை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. காரணம் புரிகிறது: 100-ல் காற்றைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான சக்தி இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். சுற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இழுத்தாக வேண்டும். உராய்வில் கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான்.

மேனுவல்காரர்கள் பிடிக்க வேண்டிய இடமும் இதுதான். இந்தப் பெட்ரோல் எஞ்சினின் முழு டார்க் (சுழற்றி இழுக்கும் திறன்), 136.8 நியூட்டன் மீட்டர், 4400 சுற்றில்தான் வருகிறது. 2100-ல் அதன் கையிருப்பு சொற்பம். 2019-லிருந்து 2020 வரை கொஞ்ச காலம் எர்டிகாவில் வந்த 1.5 டீசலுக்கும் 6 கியர்தான், ஆனால் அதற்கு 1500 சுற்றிலேயே 225 நியூட்டன் மீட்டர். மேம்பாலம் வந்தால் டாப் கியரிலேயே ஏறிவிடும். பெட்ரோலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் இதை நன்றாகப் பார்க்கலாம். ஆடிக் காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நேர் எதிரே வருகிறது. இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஆறு பேரும் பெட்டிகளும் இருந்த என் வண்டி, 100-ல் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தியதும், முதலில் கியர் மாறாமலே முள்ளை 200, 300 ஏற்றியது. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் பூட்டு விடுபடும் அறிகுறி அது. அடுத்து 5, அப்புறம் 4. காற்று சற்றுத் தணிந்ததும் மறுபடி 6. இரண்டு நிமிடத்தில் மறுபடி 4. முன்னால் மச்சான் 5-வதிலேயே, காலை இன்னும் கொஞ்சம் அழுத்தியபடி, அலுங்காமல் போய்க்கொண்டிருந்தான். அந்த இருபது கிலோமீட்டருக்கு அவன் வண்டிதான் நல்ல வண்டி. நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் கியர் மாற்றும் பேடிலைத் தட்டி 5-க்கு இறக்கி அப்படியே பிடித்துக்கொண்டேன், சரியாகிவிட்டது. கை வேலை வேண்டாம் என்று வாங்கிய வண்டியில் கை வேலை பார்த்ததைச் சொல்லி நாகர்கோவில் வரை சிரித்தான்.

700 கிலோமீட்டரில் 20 கிலோமீட்டர் அப்படி, மீதி இப்படி. எனக்கு மீதிதான் பெரிது. வாரம் ஒருமுறை மலையேறுகிறவருக்குக் கணக்கு மாறலாம். கியர்பாக்ஸ் பராமரிப்பைப் பொறுத்தவரை ஒரு வருட அனுபவத்தில் பேசுவது சரியில்லை, ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடட்டும். மேனுவலில் ஆறு வருடத்தில் ஒரு கிளட்ச் செட் மாற்றினேன், வேறு செலவு வைக்கவில்லை.

திரும்பும்போது திருநெல்வேலியிலிருந்து மதுரை வரை சாவியை மாற்றிக்கொண்டோம். மதுரையில் இறங்கியதும் அவன் கேட்டது: "அந்த ஆறாவது கியரை மட்டும் நம்ம வண்டியில போட முடியாதா அத்தான்?" முடியாது. பெரிய டயர் போட்டால் சுற்று குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதையும் போட்டுப் பார்த்தோம், காகிதத்தில்தான். 185/65 ஆர்15-க்குப் பதில் 195/65 ஆர்15 போட்டால் விட்டம் இரண்டு சதவீதம் கூடும், 2900 என்பது 2840 ஆகும். ஸ்பீடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும்.