கொழும்பா, கோவளமா, தரங்கம்பாடியா: அப்பாவின் எழுபதுக்கு ஒரு கடலோர ஓட்டல்

வேலூர்க்காரர்களுக்குக் கடல் என்பது எப்போதும் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற சமாசாரம். தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று ஊரைக் கிண்டல் செய்கிறவர்கள், கடல் இல்லாததை மட்டும் ஏனோ அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு வரும் மாசியில் எழுபது. திருக்கடையூரில் பீமரத சாந்தி, அது முடிந்ததும் அப்பாவையும் அம்மாவையும் கடலைப் பார்த்த நல்ல பழைய ஓட்டல் ஒன்றில் இரண்டு நாள் தங்க வைப்பது. இதுவரை வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். எந்த ஓட்டல் என்று கேட்டதும்தான் ஆரம்பித்தது.

அண்ணன் கொழும்பு கால் ஃபேஸ் ஓட்டல் என்றான். தங்கை கோவளம் தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ் என்றாள்; கேரளத்துக் கோவளம் இல்லை, நம் கேளம்பாக்கம் பக்கத்துக் கோவளம். நான் தரங்கம்பாடி. மூன்றையும் நேரில் பார்த்தவன் நான்தான். ஒன்றில் தங்கியிருக்கிறேன், மற்ற இரண்டில் ஒரு டீக்குக் கொடுத்த காசை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

கொழும்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கதை அங்கேதான் அதிகம். கால் ஃபேஸ் ஓட்டல் 1864இல் தொடங்கியது. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் 1887, பம்பாய் தாஜ் 1903. இரண்டுமே இதற்குத் தம்பிகள். ஆரம்பித்தவர்கள் பிரிட்டிஷ்காரர்கள், பிறகு கார்டினர் குடும்பத்தின் கைக்கு வந்து, அப்பா சிரில், அவருக்குப் பின் மகன் சஞ்சீவ் என்று இன்றைக்கும் அந்த வீட்டுச் சொத்தாகவே இருக்கிறது. பெரிய சங்கிலி ஓட்டல்களுக்கு நடுவில் இது சின்ன விஷயம் இல்லை. ஆம்பூரில் குடும்பம் நடத்தும் பிரியாணிக் கடைக்கும் கிளை மேல் கிளை திறக்கும் கடைக்கும் என்ன வித்தியாசம் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கேரளத்திலிருந்து போன குட்டன் என்பவர் 1942இல் அங்கே வேலைக்குச் சேர்ந்து, 2014இல் இறக்கும் வரை அந்த ஓட்டலின் ஆளாகவே இருந்தார். வாசலில் கை கூப்பி வரவேற்ற அவருடைய வெள்ளை மீசையைப் படமெடுக்காத சுற்றுலாக்காரர் குறைவு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மேனேஜரை மாற்றும் இடத்தில் இப்படி ஒருவர் உருவாவது கஷ்டம் என்பது என் கட்சி.

அப்பா போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கென்றே அங்கே ஒரு சாமான் இருக்கிறது: எலிசபெத் ராணியின் கணவர் இளவரசர் ஃபிலிப் கடற்படை அதிகாரியாக இலங்கையில் இருந்தபோது ஓட்டிய 1935ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு கார். அதன் முன்னால் நிறுத்தினால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வர மாட்டார். சாயங்காலம் சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில் கொடியை இறக்குகிறார்கள். பக்கத்திலேயே கால் ஃபேஸ் திடல்; 1859இல் கவர்னர் ஹென்றி வார்ட் போட்டது. அங்கே தள்ளுவண்டியில் இறால் வைத்த வடை, இஸ்ஸோ வடை, சுடச்சுடக் கிடைக்கும். அம்மா அந்தப் பக்கம் திரும்ப மாட்டாள் என்பது வேறு.

இன்னொரு காரணமும் அண்ணன் சொன்னான். கண்டியின் கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கனை 1816இல் வெள்ளைக்காரர்கள் கொழும்பிலிருந்து கப்பலேற்றி நம் கோட்டையில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தில் அவர் சமாதி. “அவர் வந்தாரே, பதிலுக்கு நாம ஒரு தடவை போக வேணாமா?” என்றான். நல்ல வாதம்தான். ஆனால் அம்மாவின் பாஸ்போர்ட் காலாவதியாகி நாலு வருடமாகிறது. வேலூரிலிருந்து மீனம்பாக்கம், அங்கே காத்திருப்பு, விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு, பிறகு கட்டுநாயக்காவிலிருந்து ஊருக்குள் முப்பது கிலோமீட்டருக்கு மேல். பறக்கிற நேரத்தை விடத் தரையில் உட்காரும் நேரம் அதிகம். இன்னொன்று, அங்கே கடல் பார்ப்பதற்கு. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் நனைக்க நம் மெரினா போல அகலமான மணல் கிடையாது.

கோவளம் இதற்கு நேர் எதிர். காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் போனால் மூன்று மணி நேரம் சொச்சம். வழியில் ஒரு காபி, அவ்வளவுதான். கடற்கரையை ஒட்டியே காட்டேஜ்கள் இருப்பதால் முட்டிவலிக்காரர்களுக்குப் படிக்கட்டுத் தொல்லை குறைவு. 2021இல் சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்று வாங்கிய கடற்கரையும் கோவளத்தில்தான். வசதிக்கு முதல் மார்க் இதற்கே. இதில் தங்கையோடு நான் சண்டை போடவில்லை.

ஆனால் ‘பழைய ஓட்டல்’ என்ற நிபந்தனை இருக்கிறதே? 1974இல் வந்த ஓட்டல் இது, டாடா குழுமத்தினுடையது. பழமையெல்லாம் மண்ணுக்கு அடியில். டச்சுக்காரர் கோட்டை இருந்த இடம் என்று ஓட்டலைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமானது, அந்த ஊரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் கட்டிய சாதத் பந்தர் கோட்டை. 1749இல் நம் ஆம்பூர் சண்டையில் இறந்தாரே, அதே நவாப். அடுத்த வருடம் பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தந்திரமாகப் பிடித்தார்கள். 1751இல் ஆற்காட்டுக் கோட்டைக்குள் முற்றுகையைத் தாக்குப் பிடித்த கிளைவ், 1752இல் கோவளத்துக்குப் போய் அதை மீட்டார். பிறகு வெடி வைத்துத் தகர்த்தும் விட்டார்கள். ஆற்காட்டுக் கோட்டையில் மிஞ்சியது டெல்லி கேட் என்றால், கோவளத்தில் அதுகூட மிஞ்சவில்லை. இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னால் கேட்பார். ஆனால் காட்ட என்ன இருக்கிறது?

தரங்கம்பாடியில் காட்ட இருக்கிறது. 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை, பக்கத்திலேயே கடல். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அப்புறம் ஆங்கிலேயக் கலெக்டர் இருந்த பங்களாவைத்தான் நீம்ரானா நிறுவனம் செப்பனிட்டு ‘பங்களா ஆன் த பீச்’ என்ற ஓட்டலாக்கியது. குடும்பச் சொத்து இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாடித் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் யாரோ பெரியப்பா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். தெருவில் நடந்தால் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்த சீகன்பால்க் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காரில் ஆறு மணி நேரம் ஆகும். ராத்திரி எட்டுக்கு மேல் வெளியே போய் ஒரு தோசை தேடுவது சிரமம், ஊர் அவ்வளவு சின்னது. கீழ்த்தள அறையைக் கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவின் முட்டி பேசும். இந்தக் கடலும் இறங்கிக் குளிக்கிற கடல் இல்லை. 2004 சுனாமி அந்த ஊரை என்ன செய்தது என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எந்த ஓட்டலானாலும் ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேளுங்கள்: கடல் தெரியும் அறை என்றால் கட்டிலில் படுத்தபடி தெரியுமா, பால்கனியில் நின்றால் தெரியுமா, குளியலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தெரியுமா? பெயர் வேண்டாம், ஒரு கடற்கரை ஊரில் ‘ஸீ வியூ’வுக்குக் கூடுதல் பணம் கட்டிவிட்டு இரண்டு தண்ணீர் டேங்குக்கு நடுவே ஒரு சாண் நீலத்தைப் பார்த்து வந்தவன் நான்.

கடைசியில் முடிவு செய்தது சரித்திரமும் இல்லை, விலையும் இல்லை. (விலையில் தரங்கம்பாடிதான் கையைக் கடிக்காதது.) கொழும்பில் சூரியன் கடலில் மறையும், நம் கரையில் கடலிலிருந்து கிளம்பும். அப்பாவும் அம்மாவும் நாலரைக்கு எழுந்து ஏழரை மணி சீரியலிலேயே தூங்கி வழிகிறவர்கள். அவர்களுக்கு எதற்கு அஸ்தமனம்? அதோடு திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி பத்து கிலோமீட்டருக்குள். கலச நீர் தலையில் சொட்டச் சொட்ட, மாலையோடு காரில் ஏறினால் கால் மணி நேரத்தில் கடல்.

அண்ணனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அந்த ஸ்டாண்டர்டு காரின் படத்தை நேற்றுக்கூட அப்பாவிடம் காட்டினான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தரங்கம்பாடியில் விடியற்காலை ஐந்து மணிக்குக் காபி கிடைக்குமா என்று கேட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று அம்மா பெரிய பிளாஸ்க்கைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவி வைத்துவிட்டாள்.