ரிசோட்டோவுக்கு எந்த அரிசி?

ரிசோட்டோ என்பது சாறு ஊற்றிக் கிளறிக் குழைவாகச் செய்யும் இத்தாலிய அரிசி உணவு. இத்தாலிக்கு வெளியே ரிசோட்டோ அரிசி என்று கேட்டால் கடையில் எடுத்து நீட்டுவது பெரும்பாலும் ஆர்போரியோதான். வட இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் வெர்செல்லி பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் அது. மணி பெரிது, விலை குறைவு, கஞ்சியும் நன்றாக விடும். ஆனால் புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அது இல்லை. மணியைக் குழையாமல் வைக்கும் அமைலோஸ் என்ற மாவுச்சத்து குறைவு என்பதால் பதம் சட்டென்று தாண்டிவிடும். நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி கடிபடும்போது, சரி, இன்னும் 2 நிமிடம் என்று விட்டால், ஓரமெல்லாம் குழைந்து நிற்கும்.

கார்னரோலி அரிசி இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. 1945-ல் மிலான் அருகே பவுல்லோவில் வியலோனே, லென்சினோ என்ற இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கியது. அமைலோஸ் கூடுதலாக இருப்பதால் மணி உடையாமல் நிற்கும். அடுப்பை அணைத்துவிட்டு வெண்ணெயும் பார்மிஜானோ சீஸும் போட்டுக் கிளறும்போது குழம்பு பளபளவென்று சேர்ந்து வரும், அரிசி மட்டும் தனித்தனியாகக் கடிபடும். விருந்தாளி கொஞ்சம் தாமதமாக வந்தாலும் தாங்கும். குங்குமப்பூ போட்ட மிலான் ரிசோட்டோவுக்கு என் ஓட்டு இதற்கே. விலை கூடுதல்தான்: பயிர் உயரமாக வளர்ந்து எளிதில் சாய்ந்துவிடும், விளைச்சலும் குறைவு.

மூன்றாவது ரகமான வியலோனே நானோ வெரோனா பக்கத்துச் செல்லம். சின்ன, உருண்டை மணி. சாற்றை நிறைய உறிஞ்சும், சீக்கிரம் வேகும். வெனிஸ்காரர்களுக்கு ரிசோட்டோ இளக்கமாக இருக்க வேண்டும். தட்டைச் சாய்த்தால் அலைபோல ஓடணும். மீன், கணவாய், பட்டாணி என்றால் அவர்கள் கை போவது இதற்குத்தான். நம் கடைகளில் கிடைப்பதுதான் அபூர்வம்.

எதை வாங்கினாலும் கழுவ வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் மாவு போனால் குழம்பு சேராது.

அப்புறம் ஒரு விஷயம், காசு கூடக் கொடுப்பதால் சொல்கிறேன். இத்தாலியச் சட்டப்படி கார்னரோலி என்று அச்சிட்ட பையில் கார்னாக் போன்ற அதே சாயல் கொண்ட வேறு ரகமும் இருக்கலாம். அசல் ரகம்தான் வேண்டும் என்றால் பெயரோடு ‘கிளாசிகோ’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.