ஜுஹாவா, அபூநுவாஸா, அஷ்அபா?

அரபுச் சிரிப்புக் கதைகளின் நாயகர்களான இந்த மூவரில் யார் கதை சிறந்தது? முதலில் அஷ்அப். பேராசைக்காரனைத் திட்ட அரபியில் ஒரு பழமொழி உண்டு: "அஷ்அபை விட ஆசை பிடித்தவன்." அஷ்அப் எட்டாம் நூற்றாண்டில் மதீனாவில் வாழ்ந்த பாடகர், விகடக்காரர். ஒருநாள் தெருப்பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு அவரைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். விரட்ட வழி தெரியாமல், "அந்த வீட்டில் பேரீச்சம்பழம் சும்மா கொடுக்கிறார்கள், ஓடுங்கள்" என்று ஒரு பொய்யை எடுத்து விடுகிறார். பிள்ளைகள் ஓடிவிட்டார்கள், தெரு காலி. அஷ்அப் கொஞ்ச நேரம் நின்று யோசிக்கிறார். "ஒருவேளை உண்மையாகவே கொடுக்கிறார்களோ?" அவ்வளவுதான், அவரும் பின்னாலேயே ஓடுகிறார்.

இவ்வளவு சின்னக் கதையில் இவ்வளவு சிரிப்பு வேறு யாரிடமும் கிடைக்காது. ஆனால் பத்துக் கதை படித்துவிட்டால் பதினோராவது எங்கே போகும் என்று தெரிந்துவிடும். சாப்பாடு வரும், அஷ்அப் கை நீட்டுவார்.

அபூநுவாஸ் வேறு ரகம். நிஜத்தில் அவர் பெரிய கவிஞர். மதுவைப் பாடியே பெயர் வாங்கி, 814 வாக்கில் பாக்தாதில் இறந்தவர். அங்கே டைக்ரிஸ் ஆற்றங்கரையில் அவர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. நாட்டுப்புறக் கதைகளில் கவிதை பின்னால் போய், அவர் கலீஃபா ஹாரூன் ரஷீதின் அரண்மனை விகடகவி ஆகிவிடுகிறார். நமக்குத் தெனாலிராமன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"குற்றத்தை விட மோசமான சாக்கு ஒன்று சொல்லிக் காட்டு" என்கிறார் கலீஃபா. சில நாள் கழித்து, அபூநுவாஸ் பின்னாலிருந்து வந்து அவரைக் கிள்ளிவிடுகிறார். கலீஃபா வாளுக்குக் கை நீட்ட, "மன்னிக்க வேண்டும் பிரபு, மகாராணி ஜுபைதா என்று நினைத்துவிட்டேன்!" இன்றும் ஒருவர் அசட்டுச் சாக்கு சொன்னால் "குற்றத்தை விட மோசமான சாக்கு" என்றுதான் அரபியில் சொல்வார்கள்.

சிரிப்பு வருவதே தலை போகுமோ என்ற பயத்தால்தான். பலமும் அது, பலவீனமும் அதுவே. கலீஃபாவை எடுத்துவிட்டால் அபூநுவாஸுக்கு வேலை இல்லை.

ஜுஹாவுக்கு அரசனே தேவையில்லை. ஒரு கழுதை, ஒரு பக்கத்து வீட்டுக்காரர் போதும். இராக்கின் கூஃபா நகரத்து ஆள் என்பார்கள். ஒன்பதாம் நூற்றாண்டு எழுத்தாளர் அல்ஜாஹிழ் அவரைக் குறிப்பிடுகிறார். எகிப்தில் 'ஜ'வை 'க' ஆக்கி கோஹா என்பார்கள், சிசிலியில் ஜுஃபா. துருக்கியின் நஸ்ருதீன் ஹோஜாவோடு கலந்தே போனார். நமக்குத் தெரிந்த முல்லா கதைகளில் பல அரபு நாட்டில் ஜுஹா கதைகள்தான். 2022இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் நஸ்ருதீன் கதை மரபு ஏறியபோது முன்மொழிந்த ஏழு நாடுகளில் அரபு நாடு ஒன்றுகூட இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜுஹாவின் ஆணிக் கதை ஒன்று போதும். வீட்டை விற்கிறார். ஒரே நிபந்தனை: சுவரில் இருக்கும் ஒரு ஆணி மட்டும் தன்னுடையது. வாங்கியவர், ஆணிதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறார். சில நாளில் கதவு தட்டப்படுகிறது. "ஆணியைப் பார்க்க வந்தேன்." சரியாகச் சாப்பாட்டு நேரம். உபசரிக்காமல் முடியுமா? அப்புறம் தினமும் வருகிறார். ஒருநாள் அங்கியைக் கழற்றித் தரையில் விரித்துப் படுத்தே விடுகிறார். "என்னப்பா இது?" "என் ஆணி நிழலில் தூங்குகிறேன்." வாங்கியவர் வீட்டையே விட்டுவிட்டு ஓடுகிறார். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்க ஒருவர் வைத்திருக்கும் சின்னச் சாக்கைக் குறிக்க, 'மிஸ்மார் ஜுஹா', அதாவது ஜுஹாவின் ஆணி என்ற சொல் அரசியல் பேச்சு வரை போய்விட்டது.

என் ஓட்டு ஜுஹாவுக்கே. காரணம், கதை ஆரம்பிக்கும்போது வரப்போவது எமகாதகனா, முட்டாளா என்று தெரியாது. பெரியவர்கள் மட்டும் இருக்கும் இடத்தில் அபூநுவாஸைச் சொல்லலாம். சாப்பாட்டுப் பந்திக்கு அஷ்அப். பிள்ளைகளிடம் ஜுஹாவின் கழுதைக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்: பத்துக் கழுதை வைத்திருக்கிறார். ஒன்றில் ஏறி உட்கார்ந்து எண்ணினால் ஒன்பது. இறங்கி எண்ணினால் பத்து. மறுபடி ஏறினால் ஒன்பது. கடைசியில் இறங்கிவிடுகிறார். "ஏறிப்போய் ஒரு கழுதையை இழப்பதை விட, நடந்துபோய் ஒரு கழுதையைச் சம்பாதிக்கலாம்."