பொள்ளாச்சித் தள்ளுபடியா, பாலக்காட்டு பாயிண்டா: கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் பைக் எங்கே வாங்கலாம்?

கேரள எல்லையோரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இருப்பவர்களுக்கு பைக் வாங்க இரண்டு ஊர் உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் ஆடிக்கும் தீபாவளிக்கும் ரொக்கத் தள்ளுபடி. பாலக்காட்டில் ஓணச் சலுகை, கூடவே சர்வீஸ் பாயிண்ட் (சேர்த்து வைத்துக் கழித்துக்கொள்ளும் புள்ளிகள்), உறுப்பினர் அட்டை.

ரொக்கத் தள்ளுபடி உடனே கைக்கு வருவதால் பெரிதாகத் தெரியும். ஆனால் ஜிஎஸ்டி இரண்டு பக்கமும் ஒன்றுதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை 18%. கேரள முகவரிக்காரர் பொள்ளாச்சியில் வாங்கினால் தற்காலிகப் பதிவில் கொண்டுவந்து, சித்தூர் ஆர்டிஓ ஆபீசில் கேஎல்-70 எண் போட வேண்டும். சாலை வரியும் கேரளத்துக்குத்தான். அந்த அலைச்சலும் செலவும் போக மிஞ்சுவதை மட்டும் தள்ளுபடி என்று எண்ணுங்கள்.

'இலவச ஹெல்மெட்' என்று எழுதியிருந்தால் அதைச் சலுகையில் சேர்க்கவே வேண்டாம். புது வண்டியோடு ஹெல்மெட் தர வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 138. கேரளப் போக்குவரத்துத் துறை 2016-இல் அதை உத்தரவாகவே போட்டது.

பாயிண்டில் இரண்டு வகை. ஹீரோவின் குட்லைஃப் போல கம்பெனியே நடத்துவது ஒன்று. டீலர் தானே அச்சடித்துத் தரும் அட்டை இன்னொன்று. டீலர் அட்டை அவருடைய கடையோடு சரி. பக்கத்து ஊரில் சர்வீஸ் விட்டால் அதற்கு மதிப்பில்லை. கம்பெனியின் இலவச சர்வீஸ் அப்படி இல்லை, அங்கீகாரம் பெற்ற எந்த டீலரிடமும் செல்லும். அதனால் சர்வீஸுக்காகவே வாங்கிய கடைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை.

பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது எடுப்பவர்கள் எக்ஸ்சேஞ்ச் போனஸை மட்டும் பார்த்துவிட்டு, பெரிய ஒன்றைக் கோட்டை விடுகிறார்கள். அது நோ க்ளைம் போனஸ். சொந்த சேதக் காப்பீட்டில் (நம் வண்டிக்கே வரும் சேதத்துக்கான பகுதி) க்ளைம் இல்லாமல் ஓர் ஆண்டு போனால் 20%, தொடர்ந்து ஐந்து ஆண்டு போனால் 50% வரை அந்தப் பிரீமியம் குறையும். இது வண்டிக்கு அல்ல, உங்களுக்குச் சொந்தம். பழைய வண்டியை விற்றதும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சான்றிதழ் வாங்கிப் புது வண்டிக்கு மாற்றலாம். ஷோரூமிலேயே இன்சூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. "எங்களிடம் எடுத்தால்தான் தள்ளுபடி" என்றால், வெளியே பிரீமியம் எவ்வளவு என்று விசாரித்த பிறகு பதில் சொல்லுங்கள்.

கேரள முகவரி என்றால் என் ஓட்டு பாலக்காட்டுக்குத்தான், தள்ளுபடி கொஞ்சம் குறைந்தாலும். ஆதார் முகவரி எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தால் பொள்ளாச்சிக்குப் போங்கள். டிஎன்-41 பதிவும் அங்கேயே முடிந்துவிடும்.