கடல் நத்தை எந்த வகை என்று கண்டுபிடிக்க: உறையில் போட்ட போனா, சின்ன கேமராவா?

சேலத்திலிருந்து கடலுக்குப் போவதே வருஷத்துக்கு ஒரு தடவை. அந்தமானில் முங்கி எடுத்த படத்தில் அடையாளம் சிக்கவில்லை என்றால், மறுநாள் போய் இன்னொன்று எடுக்க முடியாது. அதனால் ஓடில்லாத கடல் நத்தையின் உணர்கொம்பு, செவுள், அடிப்பாதம் இந்த மூன்றும் படத்தில் விழுகிறதா என்பதை வைத்தே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். (இணையத்தில் தேடும்போது 'கடல் அட்டை' என்று போடாதீர்கள், அது வேறு பிராணி.)

பிளாஸ்டிக் உறைக்குள் போன் மலிவு, மேலோட்டமாக மிதந்து பார்க்கப் போதும். தண்ணீருக்குள் தொடுதிரை சொன்ன பேச்சைக் கேட்காது; வால்யூம் பட்டனில் படம் எடுக்கிற மாதிரி கரையிலேயே அமைத்துவிடுங்கள். உறை லென்ஸோடு ஒட்டாமல் தொங்கினால் எல்லாம் புகை மூட்டம்தான். முதுகுக் கோலம் தெரியும், கொம்பு குழம்பிவிடும்.

ஒலிம்பஸ் டிஜி-6 என்ற சின்ன கேமரா, தனி நீர்க்காப்புக் கூடு இல்லாமலே 15 மீட்டர் ஆழம் தாங்கும். மைக்ராஸ்கோப் முறையில் 1 செ.மீ. வரை நெருங்கலாம். ஆனால் அவ்வளவு ஒட்டினால் கேமராவின் நிழலே விழும், பிராணியும் மிரண்டு கொம்பை உள்ளிழுத்துக்கொள்ளும். ஒரு சாண் தள்ளி நின்று ஜூம் செய்வது மேல்.

போனுக்கும் கேமராவுக்கும் உள்ள வித்தியாசம் ஃபைலிடியா என்ற கடல் நத்தைப் பேரினத்தில் தெரிந்துவிடும். அதில் வாரிகோசா, கோலெஸ்டிஸ் என்ற இரண்டு இனங்களுக்கும் நீலச் சாம்பல் முதுகு, மஞ்சள் நுனிப் புடைப்புகள். வாரிகோசாவின் அடிப்பாதத்தில் நீளவாக்கில் கறுப்புக் கோடு ஓடும், மற்றதில் கிடையாது. பிராணியைப் புரட்ட வேண்டாம். பாறை விளிம்பில் அது தலை தூக்கும்போது தாழ்ந்து எடுங்கள். வாளியில் போட்டுப் பார்ப்பதும் தப்பு. அது கக்கும் விஷம் கூட இருக்கும் மீனைக் கொன்றுவிடும். இவற்றின் செவுள், முதுகை மூடும் தோலான மேலங்கியின் அடியில் ஒளிந்திருக்கும். முதுகில் செவுள் கொத்து இல்லையே என்று, நத்தையே அல்லாத தட்டைப்புழு என முடிவு கட்டாதீர்கள். தட்டைப்புழுவுக்குத் தனிக் கொம்பு இருக்காது, முன்விளிம்புதான் மடிந்து கொம்பு மாதிரி நிற்கும். போன் படத்தில் இந்த மடிப்பும் கொம்பும் ஒன்றுபோலவே தெரியும்.

கேமரா பக்கமே சாய்கிறோம், ஆனாலும் காசு குறைவென்றால் முதலில் டார்ச் வாங்குங்கள். சுமார் 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் செத்துவிடும். வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து பாய்ச்சுங்கள். நேராக அடித்தால் மிதக்கும் தூசியெல்லாம் பனி பெய்த மாதிரி மின்னும்.

ஒத்திகைக்கு ஏற்காடு போதும். மழை விட்ட காலையில் காபிச் செடியடியில் ஆப்பிரிக்க ராட்சத நத்தை கிடைத்தால், பக்கவாட்டில் குனிந்து இரண்டு கொம்பு நுனியையும் ஒரே படத்தில் கூர்மையாகக் கொண்டுவந்து பாருங்கள். அதற்கு நுனியில் கண் இருக்கும், கடல் நத்தையின் கொம்பில் இருக்காது. ஃபோகஸ் பிடிக்கிற சிரமம் மட்டும் அதேதான்.