சிக்கலார் நாயனமா, முத்தையா கரகமா: மேடையில் எது நிற்கும்?

பழைய படம் ஒன்றை இசை நாடகமாக்குவது என்ற பேச்சு கும்பகோணம் பக்கம் எழுந்தாலே, வாக்குவாதம் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒரு கட்சிக்கு ‘தில்லானா மோகனாம்பாள்’. இன்னொரு கட்சிக்கு ‘கரகாட்டக்காரன்’. இப்போது எங்கள் வட்டாரத்தில் ஒரு சிறு குழு இரண்டில் ஒன்றை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. நாடகம் பார்க்கிற பழக்கம் விடாத நாங்கள் சிலர், யாரும் கேட்காமலேயே அதற்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதாக ‘பொன்னியின் செல்வன்’ என்றொரு குரலும் கேட்கிறது. அதைப் பிறகு கவனிக்கலாம்.

முதல் இரண்டுக்கும் கதையின் எலும்பு ஒன்றுதான். கலையையே பிழைப்பாகக் கொண்ட ஓர் ஆண், ஒரு பெண். முதலில் போட்டி, பிறகு காதல், நடுவே பணமும் செல்வாக்கும் உள்ளவனின் குறுக்கீடு, சுற்றிலும் செட்டு ஆட்களின் கேலி. 1968-இல் ஏ.பி. நாகராஜன் அதை நாயனத்திலும் (நாதஸ்வரம்) பரதத்திலும் சொன்னார்; வாசிக்கிறவர் சிக்கல் சண்முகசுந்தரம், ஆடுகிறவள் மோகனா. 1989-இல் கங்கை அமரன் கரகத்திலும் நையாண்டி மேளத்திலும் சொன்னார்; அங்கே நாயகன் கரகம் ஆடும் முத்தையா. ஆகவே எது நல்ல கதை என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. எந்த இசை மேடையில் உயிரோடு நிற்கும் என்பதுதான் கேள்வி.

“எல்லாரும் பார்த்து முடித்த படத்தை டிக்கெட் வாங்கி மறுபடி யார் பார்ப்பார்கள்?” என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் திருவாரூரிலேயே இருக்கிறது. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய ‘ரத்தக்கண்ணீர்’ 1954-இல் படமாக வந்தது. அதன் பிறகும் எம்.ஆர். ராதா அதை மேடையில் நடத்திக்கொண்டே இருந்தார், கூட்டமும் வந்துகொண்டே இருந்தது. அன்றைய நாட்டு நடப்பு அன்றிரவே அவர் வசனத்தில் ஏறிவிடும். படத்தில் உறைந்துபோன அதே காட்சி மேடையில் நாளுக்கு நாள் மாறியது. என் அளவுகோலும் இதுதான். முதல் நாள் கூட்டத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, பெயருக்காகவே வந்துவிடுவார்கள். நேற்றுப் பார்த்தவர் இன்றைக்கு மாமனாரையும் அழைத்துக்கொண்டு வருவதற்குக் காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கரகாட்டக்காரன் கட்சியின் வாதத்தை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே பலமானது. ஓராண்டுக்கும் மேல் ஓடிய படம். இளையராஜாவின் பாட்டுகளில் ஒன்றுகூடத் தெரியாதவர் டெல்டாவில் இல்லை. ‘மாங்குயிலே பூங்குயிலே’ என்று எடுத்தாலே அரங்கம் தானாகச் சேர்ந்து பாடும். கதை நடப்பது நம் பக்கம் இல்லைதான். ஆனால் பாட்டில் வரும் குடகு மலைக் காற்று காவிரி புறப்படும் இடத்துக் காற்று என்று நாமும் கொஞ்சம் உரிமை கொண்டாடிக்கொள்ளலாம். தவிர, கரகமும் பொய்க்கால் குதிரையும் ஆடுகிற கலைஞர்கள் தஞ்சாவூரிலேயே இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து ஆள் பிடிக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் விட அந்தக் கரகம். ஆட்டக் கரகத்தைக் கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது வெறும் அலங்காரம் இல்லை. செம்புக்குள் அரிசியோ மண்ணோ போட்டுக் கனம் ஏற்றியிருப்பார்கள். மேலே பூச்சோடனை, உச்சியில் கிளி. அதைத் தலையில் வைத்துக் கையால் தொடாமல் ஏணியில் ஏறுவதும், குனிந்து கண்ணிமையால் ஊசியை எடுப்பதும் திரையில் வெட்டி ஒட்டிக் காட்டலாம். மேடையில் வெட்டு கிடையாது. செம்பு சாய்ந்தால் சாய்ந்ததுதான். அந்தப் பயம் முன்வரிசைக்குத் தெரியும், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். நேரடிக் கலையின் முழு லாபமும் அங்கே இருக்கிறது.

ஆனால் அந்த லாபம் ஆட்டத்தில் வருகிறது, பாட்டில் வரவில்லை. அந்தப் பாட்டுகள் எல்லார் காதிலும் ஒரே குரலில், ஒரே பின்னணியில் பதிந்துவிட்டவை. மேடைப் பாடகர் ஒரு சங்கதி கூடுதலாகப் போட்டால் ‘தப்பாகப் பாடுகிறார்’ என்பார்கள். அச்சாகப் பாடினால் ‘இதைத்தான் போன வாரம் கோயில் கச்சேரியில் கேட்டோமே’ என்பார்கள். ஊருக்கு ஊர் இன்னிசைக் குழுக்கள் திருவிழாவில் இதே பாட்டுகளைக் காசு வாங்காமல் நமக்குப் பாடிக் காட்டுகின்றன. பிறகு எதற்கு டிக்கெட்?

நகைச்சுவையிலும் இதே தொல்லை. வாழைப்பழக் காட்சியில் நடிகர் வாயைத் திறப்பதற்கு முன்பே பின்வரிசை வசனத்தைச் சொல்லி முடித்துவிடும். கவுண்டமணி, செந்தில் இருவரையும் ஒப்பிக்கிற இரண்டு பேரைத்தான் பார்க்க முடியும். மோகனாம்பாளில் வரும் நாகேஷின் வைத்தி அப்படி இல்லை. அது ஒரு வசனத்தில் தொங்கும் வேடம் இல்லை, ஒரு குணம். பல்லைக் காட்டிக்கொண்டே காரியம் சாதிக்கும் வைத்திகள் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் இருப்பதால், நல்ல நடிகர் அதைத் தன் வழியில் செய்துவிடலாம். மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணியைச் செய்ய ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

கடைசிக் காட்சித் தீமிதியை எந்த அரங்க நிர்வாகமும் உள்ளே அனுமதிக்காது. சிவப்பு விளக்கைப் போட்டுச் சமாளித்தால் நிஜத் தீமிதி பார்த்த ஊரில் சிரிப்புத்தான் வரும். பாட்டு உரிமை இன்னொரு தலைவலி. தன் பாடல்களின் உரிமைக்காக நீதிமன்றம் வரை போனவர் இளையராஜா. அனுமதி வாங்காமல் தொட நினைப்பவர் நாடகத்தை விட்டு வழக்கைத்தான் நடத்த வேண்டியிருக்கும்.

இனி மோகனாம்பாள். அந்தக் கட்சிக்காரர்களில் பாதிப் பேருக்கு உண்மையில் வேண்டியது நாடகம் இல்லை. சிவாஜியும் பத்மினியும் திரும்பி வர வேண்டும். அது நடக்கப்போவதில்லை என்பதை ஏற்றுக்கொண்டு பேசுவோம்.

இதை இசை நாடகமாக்குவதில் பலர் கவனிக்காத ஒரு முடிச்சு இருக்கிறது. கதாநாயகன் பாடவே மாட்டார். அவர் பேச வேண்டிய முக்கியமானதெல்லாம் நாயனத்தில் வருகிறது. படத்தில் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தார்கள்; சிவாஜி கன்னம் உப்பி, விரலோட்டி, நம்மை நம்பவைத்தார். அது காமிரா வைத்த இடத்திலிருந்து நம்பினது. மேடையில் முன்வரிசையில் உட்காரப்போவது யார்? நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாயனம் செய்கிற ஊர்க்காரர்கள், நாயன மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு ஸ்வரமும் மேடையில் வேறொரு விரலும் வந்தால் அவர்கள் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்து, அடுத்த நிமிடம் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

பதிவு உதவாது என்றால் வழி இரண்டு. ஒன்று, நடிகர் நடிக்கட்டும், மேடை ஓரத்தில் நாயனமும் தவிலும் எல்லாருக்கும் தெரியும்படி உட்கார்ந்து வாசிக்கட்டும். இன்னொன்று, வாசிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவரையே சண்முகசுந்தரமாக நிறுத்துவது. இரண்டாவது கேட்க நன்றாக இருக்கிறது. முன்னுதாரணமும் இல்லாமல் இல்லை: 1940-இல் ‘காளமேகம்’ படத்தில் ராஜரத்தினம் பிள்ளையே கதாநாயகனாக நடித்தார். ஆனால் எங்களோடு தேநீர் குடிக்க வரும் ஒரு நாயனக்காரர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: “அண்ணே, பத்து நிமிஷம் வசனம் பேசிவிட்டு நாயனத்தை எடுத்தால், வாயில் வைத்து ஊதுகிற சீவாளி காய்ந்திருக்கும். அதை வாயில் வைத்து ஈரமாக்கி, ஊதிப் பார்த்து, சரியில்லை என்றால் வேறு சீவாளி மாற்றி... அதுவரை மோகனா என்ன செய்வாள், நின்றுகொண்டிருப்பாளா?” நியாயமான கேள்வி. ஆகவே ஓரத்தில் உட்கார்ந்து வாசிப்பதுதான் நடக்கக்கூடியது என்று நினைக்கிறேன். ஆர்மோனியக்காரர் மேடையிலேயே இருந்து பின்பாட்டுப் பாடியதைப் பார்த்த மண் இது. மறைக்க வேண்டியதே இல்லை.

மறைக்காமல் இருப்பதுதான் நல்லது என்பதற்குத் தொலைதூரத்தில் ஒரு சாட்சி உண்டு. நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் 1997-இல் தொடங்கிய ‘லயன் கிங்’, படத்திலிருந்து வந்த இசை நாடகம், இன்னமும் ஓடுகிறது. சிங்க முகமூடி நடிகரின் முகத்தை மூடாமல் தலைக்கு மேலே நிற்கும்; பொம்மையை ஆட்டுகிறவரும் கண்ணுக்குத் தெரிவார். பொய்க்கால் குதிரை பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை. அதே பிராட்வேயில் 1988-இல், முன்பே படமாகப் புகழ்பெற்ற கதையான ‘கேரி’, தொடக்க விழாவுக்குப் பிறகு ஐந்தே காட்சிகளில் மூடப்பட்டது. படத்தின் புகழ் மட்டும் கைகொடுக்காது. நம் நாட்டிலேயே 2016-இல் மும்பையில் ‘முகல்-ஏ-ஆசம்’ என்ற பழைய படம் மேடையேறியபோது, முக்கிய நடிகர்கள் நேரடியாகப் பாடினார்கள் என்பதுதான் பேச்சாக இருந்தது.

மோகனாம்பாளின் பெரிய பலம் போட்டிக் காட்சி. அவர் வாசிக்க வேண்டும், அவள் ஆட வேண்டும், யார் தோற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இதை அச்சடித்தாற்போல் தினமும் செய்யத் தேவையில்லை. ஒருநாள் தவில்காரர் கோர்வையைக் கூடுதலாக இழுக்கலாம், ஒருநாள் ஆடுகிறவள் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். பழைய நாடகக் கொட்டகையில் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் பாட்டு முதல் தடவையை விட நீளமாக வரும். நாயனத்துக்கும் அந்தச் சுதந்திரம் உண்டு. கரகாட்டக்காரன் பாட்டுகளுக்கு அது இல்லை. மாமனாரை அழைத்துவரும் காரணம் எனக்கு இங்கேதான் தெரிகிறது.

இன்னொன்றும் தானாக நடக்கும். நாயகன் பாடாததால் இருவரில் குரல் உள்ளவள் மோகனாதான். ‘மறைந்திருந்து பார்க்கும்’ பாட்டில் அவர் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார், அவள் சபை நடுவே நின்று அதை அறிந்தே ஆடுகிறாள். படத்தில் காமிரா அவர் முகத்துக்குப் போய்விடுகிறது. மேடையில் அவர் தூணோடு சரி. இன்றைக்குப் பார்க்க வரும் பெண்கள் சண்முகசுந்தரத்தின் சந்தேகத்தையும் கோபத்தையும் 1968-இல் ரசித்த மாதிரி ரசிக்க மாட்டார்கள். இது மோகனாவின் நாடகமாக மாறினால் அந்தக் குறையில் பாதி தீர்ந்தது.

கஷ்டங்களும் உண்டு. மூடிய அரங்கில் நாயனமும் தவிலும் சேர்ந்தால் பக்கத்து ஆள் பேசுவது கேட்காது. வீதியுலாவுக்கென்று அமைந்த வாத்தியம். வசனத்தையும் வாசிப்பையும் ஒன்றின் மேல் ஒன்று போடாமல் தனித்தனியாக வைத்து எழுத வேண்டும். ஒலிவாங்கியைத் தள்ளி வைத்தாலே பாதி வேலை முடியும், ஆனால் எந்த ஒலிபெருக்கிக்காரர் அதற்கு ஒப்புக்கொள்வார்!

எங்கள் விவாதத்தில் யாரும் எதிர்பாராமல் வந்தது காலம் பற்றிய பேச்சு. சம்பா அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும் மாசி, பங்குனியில் போடலாம் என்றார் ஒருவர். அப்போது முகூர்த்த நாள்கள், கோயில் உற்சவங்கள். நல்ல நாயன செட்டு ஒன்றும் கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். ஆடியில் கல்யாணம் இல்லை, நாயனக்காரர்கள் ஓரளவு ஓய்வாக இருப்பார்கள். ஆனால் அப்போதுதான் அம்மன் கோயில்களில் கரகம் ஆடுகிறவர்களுக்கு ஓய்வே இருக்காது. ஆகவே ஆடியில் மோகனாம்பாள் நடக்கும், கரகாட்டக்காரன் நடக்காது. கலை விவாதமெல்லாம் கடைசியில் பஞ்சாங்கத்தில் வந்து முடிவதைப் பார்த்து ஆர்மோனியம் வாசித்த பெரியவர் ஒருவர் மிகவும் சந்தோஷப்பட்டார்.

பொன்னியின் செல்வனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்கியின் எழுத்து நாட்டுடைமை என்பதால் கதைக்கு யார் அனுமதியும் வேண்டாம். 1999-இல் மேஜிக் லேன்டர்ன் குழு சென்னையில் அதை நாடகமாகப் போட்டுக் காட்டியும்விட்டது. ஆனால் அது நாடகமாக நின்றது. 2022, 2023 படங்களின் ஏ.ஆர். ரஹ்மான் பாட்டுகளோடு இசை நாடகம் என்றால் உரிமைச் சிக்கல் திரும்ப வந்துவிடும். யானை, கப்பல், கோட்டை என்று செலவு வேறு. வீரநாராயண ஏரியும் பழையாறையும் நம் ஊர் என்பதற்காகக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டுமா?

இசை நாடகமே வெளியூர்ச் சரக்கு என்று முணுமுணுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சீர்காழி அருணாசலக் கவிராயரின் ராம நாடகமும், ஆனைதாண்டவபுரம் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரமும் பாட்டாலேயே கதை சொன்னவை. மெலட்டூரில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா என்ற இசை நாட்டிய நாடகம் இப்போதும் நடக்கிறது. தெலுங்குப் பாட்டைக் கேட்டுக்கொண்டு இரவு வெகுநேரம் விழித்திருக்கிறார்கள். பொறுமை இல்லாத ரசிகர்கள் என்று நம்மைச் சொல்ல முடியாது.

என் ஓட்டு மோகனாம்பாளுக்கு. ஆனால் குழுவிடம் கேட்டபோது நாயனம் நேரடியா, பதிவா என்பது இன்னும் முடிவாகவில்லை என்றார்கள். செட்டுக்குக் கொடுக்கிற பணம் கட்டுப்படியாகாது என்று பயம். பதிவு என்றால் எனக்கு டிக்கெட் வேண்டாம். அந்தக் காசைப் பங்குனியில் ஏதாவது ஒரு மாரியம்மன் கோயில் வாசலில் நையாண்டி மேளக்காரருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடுவேன்.