விசாரிக்க யாரிடம் போவது: உரிமம் உள்ளவரிடமா, உரிமம் தேவைப்படாதவரிடமா?

போன மாதம் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் தெரிந்த அக்கா ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார். "தம்பி, மகளுக்கு ஒரு வரன் வந்திருக்கு. பையன் இங்கேயே சொந்தமா தொழில் பண்றானாம். விசாரிச்சுக் கொடுக்க ஒருத்தர் 800 வெள்ளி கேக்குறார். லைசென்ஸ் இருக்கான்னு கேட்டா, நான் பத்து வருஷம் வக்கீல் ஆபீஸ்ல இருந்தவன், எனக்கு அதெல்லாம் வேணாம்னு சொல்றார். அப்படியா?"

அப்படி இல்லை. நான் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்க்கிறேன், அதனால் இந்தக் குழப்பம் அடிக்கடி என் காதில் விழுகிறது. அந்த மனிதர் சொன்னதில் உண்மையின் ஒரு துண்டு இருப்பதுதான் ஆபத்து.

சிங்கப்பூரில் 2007ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்புத் தொழில்துறைச் சட்டப்படி, கட்டணம் வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காக ஒரு மனிதரின் குணம், நடத்தை, தொழில் பற்றி விசாரித்துச் சொல்பவருக்கு, அதாவது தனியார் துப்பறிவாளருக்கு, உரிமம் வேண்டும். காணாமல் போனவரைத் தேடித் தருபவருக்கும் அப்படியே. உரிமம் கொடுப்பது காவல்துறை. ஆனால் ஒரு வழக்கறிஞர் தன் கட்சிக்காரரின் வழக்குக்காகச் சாட்சிகளைக் கண்டுபிடித்துப் பேசினால் அவரிடம் துப்பறிவாளர் உரிமத்தை யாரும் கேட்பதில்லை. கணக்காய்வாளர் ஒரு நிறுவனத்தின் ஏடுகளைப் புரட்டிப் பணம் எங்கே போனது என்று தேடினாலும் அதே கதைதான். அது அவர்கள் தொழிலின் வேலை. அந்தத் தொழிலுக்கு ஏற்கெனவே வேறொரு கடிவாளம் இருக்கிறது. வழக்கறிஞர் ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும், அவர்மீது வழக்கறிஞர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம். பொதுக் கணக்காய்வாளரை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான 'அக்ரா' கண்காணிக்கிறது.

ஆக, உரிமம் வேண்டாம் என்ற விலக்கு ஒட்டிக்கொண்டிருப்பது வேலையோடு, ஆளோடு அல்ல. வக்கீல் அலுவலகத்தில் 'இருந்தவர்' வெளியே வந்து தனியாகக் காசு வாங்கி விசாரித்தால், அவருக்குப் பின்னால் எந்தக் கடிவாளமும் இல்லை.

இனி ஒப்பிடுவோம். மணவிலக்கு வழக்கு வந்தால் பலர் நேரே துப்பறிவாளரிடம் ஓடுகிறார்கள். என் கருத்தில் முதலில் வழக்கறிஞரிடம் போவதே மேல். 2024 ஜூலை 1 முதல், இருவரும் ஒத்துக்கொண்டால் யார் மேலும் குற்றம் சுமத்தாமல் மணவிலக்குப் பெறலாம். அந்த வழி திறந்திருக்கும்போது, கணவரின் காரைப் பின்தொடரச் செலவழித்த பணம் முழுக்க வீண். தகாத உறவை நிரூபித்தே தீர வேண்டும் என்றாலும், என்ன ஆதாரம் போதும், எத்தனை நாள் கண்காணித்தால் போதும் என்று வழக்கறிஞர் வரையறுத்துக் கொடுத்தால் கட்டணம் கட்டுக்குள் நிற்கும். இன்னொன்று: நீங்கள் வழக்கறிஞரிடம் பேசுவதற்குச் சாட்சியச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. நீங்களாகவே துப்பறிவாளரிடம் கொட்டுவதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அப்படியென்றால் எல்லாவற்றையும் வழக்கறிஞரே செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இரவு பதினொரு மணிக்குக் காத்திருந்து பார்த்ததை நீதிமன்றத்தில் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். வழக்கறிஞரே பார்த்தவர் ஆகிவிட்டால் அவர் சாட்சிக் கூண்டுக்குப் போக வேண்டியவர். அதே வழக்கில் உங்களுக்காக வாதாட முடியாது. இந்த இடத்தில் உரிமம் பெற்ற துப்பறிவாளருக்கு மாற்று கிடையாது. தேதி, நேரம், இடம் குறித்துவைத்து, குறுக்கு விசாரணையைத் தாங்குவது அவர் வேலை.

தொழில் கூட்டாளி பணத்தைச் சுருட்டிவிட்டார் என்ற சந்தேகத்துக்குக் கணக்காய்வாளர். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. "அவர் பேங்க் கணக்கையே எடுத்துத் தர்றோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வங்கி இரகசியத்தைச் சட்டம் காக்கிறது. எதிர்த்தரப்பின் வங்கி விவரம் முறையாக வெளிவருவது நீதிமன்ற உத்தரவின் வழியாகத்தான்.

உரிமம் இருந்தாலும் விலக்கு இருந்தாலும் மற்றச் சட்டங்கள் விலகி நிற்பதில்லை. அடுத்தவர் கைப்பேசியைத் திறந்து குறுஞ்செய்தி படித்தால் கணினி முறைகேட்டுச் சட்டம் குறுக்கே வரும். சட்டத்துக்குப் புறம்பாகப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தால், துன்புறுத்தலுக்கு எதிரான 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி 5,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காசு வாங்காமல் உதவ வரும் தாய்மாமனுக்கும் இது பொருந்தும். உரிமம் வேண்டியதில்லை என்பதால் அவர் எதையும் செய்யலாம் என்று ஆகாது.

அந்த அக்காவுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பையன் தொழில் நடத்துகிறான் என்றால், முதலில் 'அக்ரா'வின் 'பிஸ்ஃபைல்' இணையத் தளத்தில் 5 வெள்ளி 50 காசு கட்டி அந்த நிறுவனத்தின் விவரத்தை வாங்குங்கள். எப்போது பதிவானது, யார் யார் பெயரில் இருக்கிறது, இன்னும் இயங்குகிறதா என்பது அதில் தெரியும். நொடிப்பு நிலை (திவால்) பற்றியும் முறையாகத் தேடிப் பார்க்கலாம். இதற்கு எந்தத் துப்பறிவாளரும் வேண்டாம். அதற்கு மேலும் மனம் உறுத்தினால் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் போங்கள். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், என்ன செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வரன் சென்னையிலோ திருச்சியிலோ இருந்தால் நிலைமை வேறு. இந்தியாவில் துப்பறியும் நிறுவனங்களை முறைப்படுத்த 2007இல் மாநிலங்களவையில் வந்த மசோதா சட்டமாகவில்லை. 2005ஆம் ஆண்டின் சட்டம் பாதுகாவலர் நிறுவனங்களுக்கானது. அதனால் இங்கே கேட்பதுபோல் அங்கே துப்பறிவாளர் உரிமத்தைக் கேட்டுத் தரம் பிரிக்க முடியாது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு, அந்த ஊர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர் ஒருவரை வைத்து, அவர் மூலமாகவே விசாரிக்கச் சொல்கிறேன். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் தவறு நடந்தால் வழக்கறிஞர் மன்றத்தில் புகார் கொடுக்கவாவது ஒரு பெயரும் பதிவு எண்ணும் கையில் இருக்கும்.